டிரம்பெட்டும் காங்காவும்: ஃபோர்ட் அப்பாச்சி பேண்டின் கதை

நியூயார்க் நகரின் தெற்கு பிராங்க்ஸில், சிம்ப்சன் தெருவிலிருந்த 41ஆம் எண் காவல் நிலையத்துக்கு ‘ஃபோர்ட் அப்பாச்சி’ என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. அங்கே வேலை பார்த்த போலீஸ்காரர்களே வைத்த பெயர் அது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலத்துக்கு நடுவே வெள்ளையர் படை எழுப்பிய கோட்டை ஒன்றின் பெயர். சுற்றிலும் குடியிருந்த போர்ட்டோ ரிக்கோக்காரர்களையும் கறுப்பின மக்களையும் காவல் துறை எந்தக் கண்ணால் பார்த்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 1981இல் பால் நியூமன் நடித்து இதே பெயரைத் தாங்கிய ஹாலிவுட் படம் வெளியானபோது, தங்களைக் குற்றவாளிகளாகவும் போதைக்கு அடிமைகளாகவும் மட்டுமே காட்டுகிறது என்று பிராங்க்ஸ் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

அதே காலத்தில் அதே ஊரிலிருந்து ஓர் இசைக்குழு அந்தப் பெயரைத் தானே எடுத்துச் சூட்டிக்கொண்டது. ஜெர்ரி கொன்சாலெஸும் அவருடைய தம்பி ஆண்டி கொன்சாலெஸும் தொடங்கிய ‘ஃபோர்ட் அப்பாச்சி பேண்ட்’, லத்தீன் ஜாஸின் வரலாற்றில் ஒரு திருப்பம். அது பெரிய குழு அல்ல. அதன் மிகச் சிறந்த காலத்தில் மேடையில் இருந்தவர்கள் ஐந்து பேர், சில சமயம் ஆறு பேர். அந்தச் சில பேர் யார், எங்கே படித்தார்கள், யாரிடம் கற்றார்கள், எந்த வீட்டில் என்ன கேட்டு வளர்ந்தார்கள் என்று பார்த்தால்தான் அவர்கள் இசை ஏன் அப்படி ஒலிக்கிறது என்பது விளங்கும். கியூபத் தாளமும் ஜாஸும் இவர்கள் மேடையில் சந்தித்துக் கைகுலுக்கவில்லை. மேடைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே ஒவ்வொருவருக்குள்ளும் இரண்டும் குடியேறிவிட்டிருந்தன.

இந்த வேறுபாட்டின் கனம் புரிய வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 1940இல் நியூயார்க்கில் மச்சிட்டோ தொடங்கிய ‘ஆஃப்ரோ கியூபன்ஸ்’ குழுவில், ஹவானாவிலிருந்து வந்த டிரம்பெட் கலைஞர் மரியோ பௌசா இசை இயக்குநராக இருந்தார். கியூபத் தாளக் கட்டின் மேல் ஜாஸ் குழுக்களின் பித்தளைக் குழல் ஒலியை ஏற்றியவர் அவர். அவர்தான் தம் நண்பரான ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பிக்கு ஹவானாவின் காங்கா கலைஞர் சானோ போசோவை அறிமுகப்படுத்தினார். 1947இல் கில்லெஸ்பியும் போசோவும் சேர்ந்து பதிவு செய்த ‘மான்டேகா’ லத்தீன் ஜாஸின் கொடிக்கம்பம் போல் இன்றும் நிற்கிறது. ஆனால் போசோவுக்கு ஆங்கிலம் வராது, கில்லெஸ்பிக்கு ஸ்பானிஷ் வராது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹார்லெமின் மதுக்கடை ஒன்றில் போசோ சுட்டுக் கொல்லப்பட்டார். இரு பெரும் கலைஞர்களின் அந்தச் சந்திப்பு ஓராண்டுக்குச் சற்று மேல் மட்டுமே நீடித்தது.

அதன்பின் வந்த பல குழுக்கள் ஒரு வாய்ப்பாட்டைப் பிடித்துக்கொண்டன. ஜாஸ் கலைஞர்கள் மெட்டையும் மனோதர்மத்தையும் பார்த்துக்கொள்வார்கள். காங்கா, பாங்கோ, டிம்பாலே ஆகிய தோல்கருவிகளை வாசிப்பவர்கள் அடியில் தாளத்தை ஓட்டுவார்கள். இதில் நல்ல இசையும் பிறந்தது. ஆனால் தாளக்காரர் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்க, சாக்ஸபோன்காரர் அது தன் காதில் விழாதது போலத் தன் வழியே போவதை எத்தனையோ இசைத்தட்டுகளில் கேட்கலாம்.

அந்தக் குறையின் வேர் ‘கிளாவே’ என்னும் தாளச் சட்டகத்தில் இருக்கிறது. இரண்டு மரக்குச்சிகளைத் தட்டி எழுப்பும் ஐந்து தட்டுகள் அவை. ஒரு சுற்றைப் பதினாறு சிறு மாத்திரைகளாகப் பிரித்தால் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் தட்டு விழும். இது ‘சோன்’ வகைப் பாடல்களின் கிளாவே. மூன்றாம் தட்டை மட்டும் ஏழிலிருந்து எட்டுக்குத் தள்ளினால் ரும்பாவின் கிளாவே. ஒரே ஒரு மாத்திரை நகர்ந்ததும் முழுச் சுற்றின் நடையும் மாறிவிடுகிறது. முதல் பாதியில் மூன்று தட்டு, மறுபாதியில் இரண்டு தட்டு. முதல் பாதி இழுக்கும், மறுபாதி நிலைகொள்ளும். நம் கச்சேரியில் தாளம் போடும் கை ஓய்ந்தாலும் பாடகர் மனத்தில் ஆவர்த்தனம் ஓடிக்கொண்டே இருப்பது போல, குச்சிகள் இல்லாத இடத்திலும் கிளாவே எல்லோர் உள்ளேயும் ஓடியாக வேண்டும். பியானோவின் ஒரு சொற்கட்டு தவறான பாதியில் தொடங்கினால், கியூப இசையில் ஊறிய காது அதை உடனே பிடித்துவிடும். பல ஜாஸ் கலைஞர்களுக்கு இந்தக் காது இல்லை. கியூபத் தாளக்காரர்கள் பலருக்கு ஜாஸின் சுர அடுக்குகள் நகரும் விதம் பழக்கமில்லை.

கொன்சாலெஸ் சகோதரர்களுக்கு இரண்டும் வீட்டிலேயே கிடைத்தன. ஜெர்ரி 1949 ஜூன் 5 அன்றும் ஆண்டி 1951 ஜனவரி 1 அன்றும் மன்ஹாட்டனில் பிறந்து, பிராங்க்ஸில் வளர்ந்தவர்கள். பெற்றோர் போர்ட்டோ ரிக்கோ வழிவந்தவர்கள். தந்தை லத்தீன் நடன இசைக்குழுக்களில் பாடியவர். 1898இல் போர்ட்டோ ரிக்கோவை ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா கைப்பற்றியது. 1917இல் அத்தீவு மக்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலை தேடி நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த பெரும் அலையின் பிள்ளைகள் இவர்கள். கிழக்கு ஹார்லெமும் தெற்கு பிராங்க்ஸும் அந்த மக்களின் இருப்பிடங்கள். பிராங்க்ஸின் கெல்லி தெருவும் அதைச் சுற்றிய சந்துகளும் எடி பால்மியெரி, மேனி ஒக்கெண்டோ போன்ற லத்தீன் இசைக்கலைஞர்களை வளர்த்தவை. ஒரு கட்டடத்தின் ஒரு ஜன்னலில் மாம்போவும் அடுத்த ஜன்னலில் ஜாஸும் ஒலிக்கும் ஊர் அது.

ஆண்டி முதலில் கற்றது வயலின். பிறகு பாஸுக்கு மாறி, பதின்ம வயதிலேயே ஸ்டீவ் ஸ்வாலோ என்னும் ஜாஸ் பாஸ் கலைஞரிடம் பாடம் கேட்டார். ஜெர்ரி டிரம்பெட் கற்றார், கூடவே காங்காவும் கற்றார். இளம் வயதிலேயே அண்ணனும் தம்பியும் கால் ஜேடரின் ஐவர் குழுவை முன்மாதிரியாக வைத்து ஒரு லத்தீன் ஜாஸ் குழு நடத்தினார்கள். ஸ்வீடிஷ் வழிவந்த அமெரிக்கரான ஜேடரின் குழுவில் ஒரு காலத்தில் காங்கா வாசித்தவர் கியூபாவின் மோங்கோ சான்டமரியா. டிம்பாலே வாசித்தவர் கிழக்கு ஹார்லெமில் பிறந்த வில்லி போபோ. அந்த இசைத்தட்டுகளே சகோதரர்களின் பாடநூல்.

பள்ளியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நியூயார்க் மேயர் லா கார்டியா 1936இல் தொடங்கிய ‘ஹை ஸ்கூல் ஆஃப் மியூசிக் அண்ட் ஆர்ட்’ அரசுப் பள்ளி. கட்டணம் கிடையாது. தேர்வில் திறமையைக் காட்டினால் ஏழை வீட்டுப் பிள்ளையும் சேரலாம். ஜெர்ரியும் ஆண்டியும் அங்கே படித்தார்கள். பின்னாளில் இவர்கள் குழுவின் பியானோ கலைஞரான லாரி வில்லிஸும் சில ஆண்டுகள் முன்னதாக அதே பள்ளியில் படித்தவர். ஐவர் குழுவில் மூவர் ஒரே அரசுப் பள்ளியின் மாணவர்கள் என்பது தற்செயலாகத் தோன்றலாம். ஆனால் சுரக்குறிப்புகளைப் படிக்கவும் ஐரோப்பியச் செவ்விசையின் சுர அடுக்குகளைப் புரிந்துகொள்ளவும் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தவை இத்தகைய பள்ளிகள்தாம். 1975இல் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, முதலில் அடிபட்டவற்றில் இசைப் பாடமும் ஒன்று. இன்னும் பத்தாண்டுகள் தாமதித்துப் பிறந்திருந்தால் இந்தச் சகோதரர்களுக்கு அந்த வாய்ப்பு அப்படியே கிடைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

பள்ளி தராததைத் தந்தது வீட்டின் நிலவறை. பிராங்க்ஸின் கில்டர்ஸ்லீவ் அவென்யூவில் இருந்த பெற்றோர் வீட்டின் கீழ்த்தளத்தில் எழுபதுகளில் இசைக்கலைஞர்கள் கூடி வாசித்தார்கள். இன்னொரு பக்கம், ரெனே லோபஸ் என்ற சேகரிப்பாளரின் பழைய கியூப இசைத்தட்டுகள் சகோதரர்களுக்கு ஒரு நூலகமாயின. அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கா கியூபாமீது விதித்த பொருளாதாரத் தடையால் ஹவானாவிலிருந்து புதிய இசையும் கலைஞர்களும் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. பிறந்த மண்ணோடு தொடர்பு அறுந்த ஓர் இசையை நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் பழைய தட்டுகளிலிருந்தும், ஏற்கெனவே குடியேறிவிட்ட முதிய கியூபக் கலைஞர்களிடமிருந்தும் வரி வரியாக மீட்டெடுத்தார்கள். எந்தத் தட்டில் யார் பாஸ் வாசித்தார், எந்த ஆண்டு எந்தக் குழுவில் எந்தத் தாளக்கட்டு நுழைந்தது என்பதெல்லாம் ஆண்டிக்கு விரல் நுனியில் இருந்தது. பாஸ் கலைஞர் என்ற அளவுக்கு அவரை வரலாற்றறிஞர் என்றும் சக கலைஞர்கள் மதித்தார்கள்.

1970இல் டிஸ்ஸி கில்லெஸ்பி ‘போர்ட்ரெய்ட் ஆஃப் ஜென்னி’ என்ற இசைத்தொகுப்பைப் பதிவு செய்தபோது காங்காவில் ஜெர்ரி, பாஸில் ஆண்டி. ஒருவருக்கு இருபது வயதை ஒட்டி, மற்றவருக்கு அதற்கும் கீழே. போசோவோடு வாசித்த அதே கில்லெஸ்பியின் பக்கத்தில், தாளமும் ஜாஸும் இரண்டும் தெரிந்த அடுத்த தலைமுறை வந்து உட்கார்ந்துவிட்டது. ஆண்டி அதற்கு முன்பே காங்கா கலைஞர் ரே பரேட்டோவின் குழுவில் இருந்தார். பிறகு இருவரும் எடி பால்மியெரியிடம் சேர்ந்தார்கள். 1974இல் மேனி ஒக்கெண்டோவும் ஆண்டியும் சேர்ந்து ‘கொன்ஹுன்டோ லிப்ரே’ என்ற குழுவைத் தொடங்க, ஜெர்ரியும் அதில் வாசித்தார். ஆட்டக்காரர்களை இரவெல்லாம் ஆட வைத்த நடன இசைக்குழு அது.

சல்சா உச்சத்தில் இருந்த காலம் அது. வானொலியில் ஓடக்கூடிய பாட்டு, மேடையில் பளபளக்கும் பாடகர் என்று வணிகம் ஒரு பாதையை வகுத்துவிட்டிருந்தது. அதற்கு மாற்றாக எழுந்தது, ஆண்டியும் ரெனே லோபஸும் முன்னின்று நடத்திய ‘க்ரூப்போ ஃபோல்க்ளோரிக்கோ இ எக்ஸ்பெரிமென்டால் நுவேவாயோர்க்கினோ’. பெயரிலேயே நாட்டார் மரபும் சோதனை முயற்சியும் நியூயார்க்கும் ஒன்றாக நிற்கின்றன. 1975இல் வந்த அவர்களுடைய ‘கான்செப்ட்ஸ் இன் யூனிட்டி’ தொகுப்பில் கியூபாவின் முதுபெரும் டிரம்பெட் கலைஞர் சொக்கொலாத்தே அர்மென்தெரோஸ், ரும்பாப் பாடகர் விர்ஹிலியோ மார்த்தி, பாட்டா மேளத்தின் ஆசான் ஹுலிட்டோ கொயாஸோ ஆகியோர் பிராங்க்ஸ் இளைஞர்களோடு தோளோடு தோள் நின்று வாசித்தார்கள். ஃபோர்ட் அப்பாச்சி பேண்டின் விதைநிலம் இதுதான்.

1980இல் அமெரிக்கன் கிளாவே நிறுவனத்தின் வெளியீடாக ஜெர்ரியின் முதல் தொகுப்பு ‘யா யோ மே குரே’ வந்தது. அதன் பாட்டு வரிசையே ஓர் அறிக்கை. வெய்ன் ஷார்ட்டரின் ‘நெஃபெர்டிட்டி’, தெலோனியஸ் மங்க்கின் ‘எவிடன்ஸ்’, டியூக் எலிங்டன் குழுவின் ‘காரவான்’. அவற்றோடு ஆப்பிரிக்க வழிவந்த ஒரிஷா தெய்வங்களுக்கான வழிபாட்டுப் பாடல். அமெரிக்க வீடுகள் முழுக்கக் கியூபாக்காரர் ஒருவரைச் சிரிப்புப் பாத்திரமாகப் பார்த்துப் பழகிய ‘ஐ லவ் லூசி’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையும் உண்டு. அதைக் கேலிக்காக எடுக்காமல், தங்களுக்கு உரிமையுள்ள பொருளாக எடுத்து ரும்பாவாக்கினார்கள்.

தொடக்கத்தில் குழு பெரியது. பதினைந்து பேர் வரை மேடையில் இருந்ததுண்டு. 1982இல் பெர்லின் ஜாஸ் விழாவில் பதிவான ‘தி ரிவர் இஸ் டீப்’ அந்தப் பெரிய குழுவின் பொங்கும் ஒலி. எண்பதுகளின் இறுதிக்குள் குழு சுருங்கியது. சுருங்கியதும் இசை ஒடுங்கவில்லை, கூர்மையானது. பதினைந்து பேர் இருந்தால் தாளத்துக்கு ஒரு அணி, ஜாஸுக்கு ஒரு அணி என்று பிரிந்து நிற்கலாம். ஐந்து பேர் என்றால் ஒவ்வொருவரும் இரண்டையும் சுமந்தாக வேண்டும்.

ஸ்டீவ் பெரியோஸை எடுத்துக்கொள்வோம். 1945இல் நியூயார்க்கில் பிறந்தவர். தந்தையும் லத்தீன் இசைக்குழுக்களின் டிரம்ஸ் கலைஞர். மகனுடைய முதல் வாத்தியம் டிரம்பெட். பிறகுதான் தோல்கருவிகளுக்கு வந்தார். வில்லி போபோவும் ஹுலிட்டோ கொயாஸோவும் அவருக்கு வழிகாட்டிகள். முதலாமவரிடமிருந்து நியூயார்க்கின் மேடைத் தாளம், இரண்டாமவரிடமிருந்து பாட்டாவின் வழிபாட்டுத் தாளம். மோங்கோ சான்டமரியாவின் குழுவில் பல காலம் இருந்தார். வழக்கமான லத்தீன் குழுவில் டிம்பாலே ஒருவர், பாங்கோ ஒருவர், காங்கா ஒருவர் என்று மூவர் செய்யும் வேலையில் பெரும்பகுதியை ஒரு ஜாஸ் டிரம் செட்டில் இருந்தபடி அவர் ஒருவரே பார்த்துக்கொண்டார். அதே கணத்தில் ஆர்ட் பிளேக்கி, எல்வின் ஜோன்ஸ் வழிவந்த ஜாஸ் டிரம்மராகவும் ஒலித்தார்.

லாரி வில்லிஸின் பாதை வேறு. 1942இல் பிறந்த ஹார்லெம்காரர், கறுப்பின அமெரிக்கர். பள்ளியில் அவர் படித்தது வாய்ப்பாட்டு. லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நடத்திய, ஆரன் காப்லாண்டின் பள்ளி ஓபெரா ஒன்றின் பதிவில் மாணவப் பருவத்திலேயே பாடியிருக்கிறார். பிறகு பியானோவுக்கு மாறி, 1965இல் ஜாக்கி மெக்லீனின் ‘ரைட் நவ்!’ தொகுப்பில் வாசித்தார். தென்னாப்பிரிக்காவின் ஹியூ மசெக்கேலாவுடனும் வாசித்தார். எழுபதுகளில் ‘பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்’ என்ற ராக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தார். லத்தீன் குழுவின் பியானோ என்றாலே எல்லோரும் எதிர்பார்ப்பது ‘மோந்துனோ’, அதாவது இரு கைகளும் சேர்ந்து சுழற்றும் ஒரு சிறு கோலத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. வில்லிஸ் அதைக் குறைவாகவே நாடினார். ஜாஸ் பியானோவின் விரிந்த சுர அடுக்குகளை இடைவெளி விட்டு வைத்தார். அவை விழுந்த இடங்கள் மட்டும் கிளாவேயை மீறவில்லை. ஒரு பாட்டுக்காரரின் மூச்சு அவர் வாசிப்பில் இருந்தது. மெதுவான உருப்படிகளில் அது பளிச்சென்று தெரியும்.

சாக்ஸபோன்காரர்களும் லேசான ஆட்கள் அல்லர். வாஷிங்டன்காரரான கார்ட்டர் ஜெஃபர்சன், ஆர்ட் பிளேக்கியிடமும் உட்டி ஷாவிடமும் வாசித்தவர். மோங்கோ சான்டமரியாவின் குழுவிலும் இருந்தவர். பஃபலோவில் பிறந்த ஜோ ஃபோர்ட் எழுபதுகளின் நடுவில் மெக்காய் டைனரின் குழுவில் சேர்ந்தவர். 1993இல் போலந்துப் பயணத்தில் ஜெஃபர்சன் இறந்தபின் வந்த ஜான் ஸ்டபிள்ஃபீல்ட், ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக்கில் பிறந்து, சிகாகோவின் புதுமை இசைக் கலைஞர்கள் அமைப்பில் உருவானவர். இந்தப் பட்டியலில் ஸ்பானிஷ் பேசும் வீட்டில் பிறக்காதவர்கள் பலர். லத்தீன் ஜாஸ் இரத்தத்தில் வருகிறது என்ற எண்ணத்துக்கு இவர்களே மறுப்பு. காதைத் திறந்து வைத்து உட்கார்ந்து கற்றவர்களுக்கு வந்தது.

இந்தக் குழுவின் வேலைப்பாட்டை மிக அருகில் காட்டுவது 1988 அக்டோபரில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளியான ‘ரும்பா பாரா மங்க்’. ஜெர்ரி, ஆண்டி, பெரியோஸ், வில்லிஸ், ஜெஃபர்சன் ஆகிய ஐவர் மட்டும். எல்லாமே தெலோனியஸ் மங்க்கின் மெட்டுகள். மங்க் 1982இல் மறைந்த ஜாஸ் பியானோ கலைஞர். வட கரோலினாவில் பிறந்து, சிறு குழந்தையாக நியூயார்க் வந்து, கரீபியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த மேற்கு 63ஆம் தெருப் பகுதியில் வளர்ந்தவர். எதிர்பார்க்கும் இடத்தில் மௌனத்தையும் எதிர்பாராத இடத்தில் அழுத்தத்தையும் வைத்து மெட்டமைத்தவர். முதல் தொகுப்பில் இவர்கள் வாசித்த ‘எவிடன்ஸ்’ என்ற உருப்படியில் பல அழுத்தங்கள் தாளத்தின் நேரடித் தட்டில் விழாமல் அதன் இடுக்கில் விழும். ஜாஸ் நடையில் கேட்கும்போது அவை புதிர் போல இருக்கும். அடியில் ரும்பாவைப் போட்டவுடன் அந்த இடுக்குகளுக்குத் தோல்கருவிகளிலிருந்து பதில் வருகிறது. மங்க்கின் இசைக்குள்ளேயே இருந்த ஒன்றை இவர்கள் வெளியே எடுத்து வைத்தார்கள்.

ஒரு நடையிலிருந்து மறு நடைக்கு இவர்கள் எப்படித் தாண்டினார்கள்? அதன் நுட்பம் கணக்கில் இருக்கிறது. ஜாஸின் ஸ்விங் நடையில் ஒவ்வொரு தட்டும் உள்ளுக்குள் மூன்றாகப் பிரிகிறது. டிரம்மரின் சிம்பல் பல தட்டுகளில் அந்த மூன்றில் முதலாவதையும் மூன்றாவதையும் தொடும். நான்கு தட்டுக்குப் பன்னிரண்டு சிறு மாத்திரை. ஆப்பிரிக்க வழிபாட்டு மரபிலிருந்து கியூபாவுக்கு வந்த ‘பெம்பே’ நடையும் அதே பன்னிரண்டின் மேல்தான் ஓடுகிறது. அங்கே மணி ஏழு இடங்களில் ஒலிக்கும். இரண்டுக்கும் தரை ஒன்றே. பெரியோஸ் தரையை மாற்றவில்லை, அதன்மேல் எந்தப் புள்ளிகளைத் தொடுவது என்பதை மட்டும் மாற்றினார். அதனால்தான் குழு ஸ்விங்குக்குள் நுழைவதும் வெளியேறுவதும் தையல் தெரியாமல் நடக்கிறது.

ஆண்டியின் பாஸ் இதற்கெல்லாம் ஆணிவேர். ஜாஸ் பாஸ் ஒவ்வொரு தட்டிலும் நடந்து போகும். கியூபாவின் ‘தும்பாவோ’ முதல் தட்டைத் தொடாமல் விட்டு, இரண்டாம் தட்டுக்குச் சற்றுப் பின்னும் நான்காம் தட்டிலும் விழும். அடுத்த சுற்றின் சுரத்தை முன்கூட்டியே சொல்லிவிடும். ஆண்டி இந்த இரண்டுக்கும் நடுவே நினைத்த கணத்தில் மாறுவார். மாறுகிறோம் என்று அறிவிக்கமாட்டார். முதல் தட்டில் பாஸ் ஒலிக்கவில்லையே என்று கேட்பவர் உணரும்போது குழு ஏற்கெனவே கியூபாவில் இருக்கும்.

ஜெர்ரியைப் பார்ப்பது இன்னும் சுவாரசியம். காங்காக்களுக்குப் பின்னால் இருப்பார், டிரம்பெட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மெட்டை டிரம்பெட்டில் வாசித்துவிட்டு அதைக் கீழே வைத்துக் காங்காவுக்கு வருவார். மேடையில் ஒரே சமயம் இரண்டையும் வாசிக்க முடியாது என்பதால் இசையின் கட்டமைப்பே இதிலிருந்து பிறக்கிறது. அவர் டிரம்பெட்டை எடுத்தால் காங்கா ஓய்ந்து, குழு மெலிந்து, ஒரு ஜாஸ் குழுவாகத் தெரியும். டிரம்பெட்டை வைத்துத் தோலில் கை போட்டால் அறை நிறையும். டிரம்பெட்டில் மைல்ஸ் டேவிஸின் சாயலில் அடைப்பான் பொருத்திய, மென்மையான, தனிமை தோய்ந்த ஒலி. காங்காவில் நேர்மாறாக, தெருமுனை ரும்பாவின் வேகமும் சவாலும். ரும்பாவில் மூவர் தனித்தனியே வாசிக்கும் மேளங்களை, சுருதி வெவ்வேறாக வைத்த காங்காக்களில் ஒருவரே வாசிக்கும் வித்தையை ஐம்பதுகளில் கான்டிடோ கமெரோ நியூயார்க்கில் பிரபலமாக்கினார். ஜெர்ரி அந்த மரபைப் பற்றிக்கொண்டார்.

இந்த இசையில் இன்னொரு அடுக்கும் உண்டு, அது வழிபாடு. அடிமைகளாகக் கியூபாவுக்குக் கொண்டுவரப்பட்ட யொருபா மக்கள், ஒரிஷா தெய்வங்களைக் கத்தோலிக்கப் புனிதர்களின் பெயரில் மறைத்து வணங்கினார்கள். அந்தச் சமயம் சான்தெரியா. அதன் புனித மேளம் பாட்டா: மடியில் கிடத்தி இரு பக்கமும் அடிக்கும் மூன்று மேளங்கள், இயா, இட்டோட்டெலே, ஒக்கோன்கோலோ. ஒவ்வொரு தெய்வத்துக்கும் தனித்தனித் தாளக்கட்டு. குழுவின் தொடக்க காலத் தோழரான மில்டன் கார்டோனா, பிராங்க்ஸில் வளர்ந்த போர்ட்டோ ரிக்கோக்காரர், அந்தச் சமயத்தில் தீட்சை பெற்றவர். 1988இல் ஜூரிக் நகரில் பதிவான குழுவின் தொகுப்புக்கு ‘ஒபாத்தலா’ என்ற தெய்வத்தின் பெயரையே வைத்தார்கள். 1980இல் மரியெல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 கியூபர்கள் அமெரிக்கா வந்து சேர்ந்தபோது, ‘புன்டியா’ என்றழைக்கப்பட்ட ஒர்லாண்டோ ரியோஸ் போன்ற பாட்டா ஆசான்களும் அவர்களோடு வந்தார்கள். தட்டுகளில் கேட்டுப் பயின்றவர்களுக்கு நேரில் சொல்லித்தர இன்னும் ஆட்கள் கிடைத்தார்கள்.

தொண்ணூறுகளில் வந்த ‘கிராஸ்ரோட்ஸ்’, ‘பென்சாத்திவோ’ ஆகிய இரு தொகுப்புகளும் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. 2000இல் ஸ்பானிய இயக்குநர் ஃபெர்னான்டோ த்ருவேபா எடுத்த ‘கயே 54’ என்ற ஆவணப்படத்தில் டிட்டோ புவென்டே, பெபோ வல்தேஸ், கச்சாவோ போன்ற மூத்தவர்களின் வரிசையில் இந்தக் குழுவும் இடம்பெற்றது. அதையடுத்து ஜெர்ரி மாட்ரிட் நகருக்கே குடிபெயர்ந்தார். கிதார் கலைஞர் நின்யோ ஹோசெலே, பாடகர் டியெகோ எல் சிகாலா ஆகியோருடன் சேர்ந்து ஃபிளமெங்கோவின் தாளத்துக்குள் டிரம்பெட்டைக் கொண்டுபோனார். ஃபோர்ட் அப்பாச்சி அவ்வப்போது கூடியது. 2011இல் கிராமி அமைப்பு லத்தீன் ஜாஸுக்கான தனி விருதையே நீக்கியது. கலைஞர்கள் கிளர்ந்தெழுந்து போராடியபின் அடுத்த ஆண்டு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்த ஓர் இசைக்கு அந்நாட்டு நிறுவனம் கொடுத்த இடம் எவ்வளவு ஆட்டம் கண்டது என்பதற்கு இதுவே போதும்.

பெரியோஸ் 2013 ஜூலையில் காலமானார். 2018 அக்டோபர் 1 அன்று மாட்ரிட்டின் லாவாபியெஸ் பகுதியில் தம் வீட்டில் ஏற்பட்ட தீ விபத்தில் ஜெர்ரி உயிரிழந்தார். ஓராண்டு கழித்து வில்லிஸ், 2020 ஏப்ரலில் ஆண்டி. ‘ரும்பா பாரா மங்க்’ பதிவு செய்த ஐவரில் இன்று ஒருவரும் இல்லை.

லத்தீன் ஜாஸின் வரலாறு பெரும்பாலும் பெருங்குழுக்களின் வரலாறாகவும் தனி நட்சத்திரங்களின் வரலாறாகவும் எழுதப்படுகிறது. மச்சிட்டோவும் புவென்டேயும் அதற்குத் தகுதியானவர்கள், ஐயமில்லை. ஆனால் அந்த இசை தனக்குள் இருந்த பிளவை முழுமையாகத் தாண்டியது இந்தச் சிறு குழுவில்தான் என்று துணிந்து சொல்லலாம். அதற்குப் பின்னால் ஒரு கட்டணமில்லாப் பள்ளி, ஒரு நிலவறை, ஒரு தட்டுச் சேகரிப்பு, மூத்தோரை மதித்து அவர்கள் காலடியில் உட்கார்ந்து கற்ற சில இளைஞர்கள் இருந்தார்கள். இவற்றில் எதுவும் காசு நிறையப் புழங்கிய இடம் அல்ல.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் ‘ரும்பா பாரா மங்க்’கில் தொடங்கலாம். அதன்பின் ‘கிராஸ்ரோட்ஸ்’, பிறகு பின்னோக்கிப் போய் ‘யா யோ மே குரே’, அதற்கும் பின்னால் ‘கான்செப்ட்ஸ் இன் யூனிட்டி’. ஐந்து பேராகச் சுருங்கிய இசை எங்கிருந்து கிளம்பியது என்பதை இந்த வரிசை தெளிவாகக் காட்டும். முதல் முறை டிரம்பெட்டையும் காங்காவையும் விட்டுவிட்டு, ஆண்டியின் பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.